‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போனில் இடம் நிரம்பிவிட்டால் படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கேபிளைச் செருகுங்கள், ஃபோல்டரைத் திறங்கள், எல்லாவற்றையும் தேர்வு செய்து ‘கட்’ கொடுங்கள், கணினியில் ‘பேஸ்ட்’ செய்யுங்கள், இடம் காலியாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘கட்’ பல வீட்டுப் படங்களைக் காலி செய்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவள். படப்புத்தகம், நினைவு மலர், நாட்காட்டி என்று எது அச்சாக வேண்டுமானாலும் படங்கள் என் மேசைக்கு வந்தாக வேண்டும். முன்பு சிடியில் வரும், அப்புறம் பென்டிரைவில் வந்தது. இப்போது போனையே நீட்டி, “எல்லாம் இதுல இருக்கு, எடுத்துக்கங்க” என்கிறார்கள். ஆகவே அடுத்தவர் போனிலிருந்து படம் இறக்குவது எனக்குத் தினசரி வேலை. நம் போன் என்றால் போனால் போகட்டும் என்று விடலாம். அடுத்தவர் போனில் அப்படி விட முடியாது. அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் ‘கட்’ ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆண்ட்ராய்டு போன்களைக் கணினியில் செருகினால் பென்டிரைவ் போலவே தனி டிரைவாக வந்து நிற்கும். அப்படி நிற்கும்வரை அந்த நினைவகத்தைப் போன் தொட முடியாது. ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு என்ன ஆகும்? அதே கதைதான். அதைத் தவிர்க்கத்தான் 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு, எம்டிபி என்ற முறைக்கு மாறியது. இதை உருவாக்கியது மைக்ரோசாஃப்ட். 2008-இல் யூஎஸ்பி தரங்களில் ஒன்றாகவும் ஆயிற்று. இந்த முறையில் கணினி நினைவகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்று போனைக் கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. போன் இப்போதெல்லாம் டிரைவ் எழுத்து இல்லாமல் வெறும் பெயரோடு தெரிவதும், ஆயிரக்கணக்கான படம் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் நத்தை வேகத்தில் பட்டியல் வருவதும் இதனால்தான்.

‘கட்’ கொடுத்து ஒட்டும்போது, நகலெடுப்பதும் போனிலிருந்து அழிப்பதும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. நடுவில் கேபிள் அசைந்தால், கணினி தூங்கப் போய்விட்டால், போனுக்கு ஓர் அழைப்பு வந்து யாராவது அதைத் தூக்கிவிட்டால் ஓட்டம் அறுந்துவிடும். அதுவரை போனது எது, போகாதது எது என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கேபிள் வழியாகக் கணினியிலிருந்து போன் கோப்பை அழித்தால் அது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போன் கேலரியின் குப்பைத் தொட்டியிலும் பொதுவாக இருக்காது. நேராகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நகலெடுப்பது ஒரு வேலை, அழிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவே சரிபார்ப்பது என்று மூன்றாவது வேலை இருக்கிறது. உங்கள் குறிப்பில் விடுபட்டது அதுதான். ஒரு பெரியவர் கணினியை மட்டும் கொண்டுவந்திருந்தார். “போனை சுத்தம் பண்ணியாச்சு, படமெல்லாம் இதுல பத்திரமா இருக்கு” என்றார். பேத்தி நடக்கத் தொடங்கிய வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோப்பு இருந்தது, பெயர் இருந்தது, அளவு மட்டும் 0 கேபி. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. நல்லவேளையாக, வெளியூர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பிரதி கிடைத்தது. மங்கல்தான், சிறிதாக வைத்துச் சமாளித்தோம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். போன் ஃபோல்டரைத் திறந்ததும் கன்ட்ரோல் ஏ அடித்துவிடக் கூடாது. பல விண்டோஸ் கணினிகளில் மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அது முடியும்வரை பட்டியல் முழுசாக வரவில்லை என்று அர்த்தம். பாதியில் எல்லாவற்றையும் தேர்வு செய்தால் அதுவரை வந்தவை மட்டும்தான் தேர்வாகும், மிச்சம் போனிலேயே நின்றுவிடும். கோடு நின்ற பிறகு ஜன்னலின் அடியில், இடது மூலையில், மொத்தம் எத்தனை என்று ஓர் எண் வரும். அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்கிறேன். காப்பி முடிந்ததும் கணினி ஃபோல்டரின் அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு, கணினி ஃபோல்டரை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். சின்னதிலிருந்து பெரியதாக. 0 கேபி ஆசாமிகள் எல்லாம் மேலே வந்து நிற்பார்கள். அப்புறம் பெரிய கோப்புகளை, அதாவது வீடியோக்களை, ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் பாருங்கள். படம் அறுந்துபோயிருந்தால் மேல் பாதியாவது தெரியும், கீழே சாம்பல் நிறமாக இருக்கும். வீடியோவில் அந்தக் கருணை கிடையாது. போன்கள் எழுதும் எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. அந்த வால் வந்துசேராவிட்டால் முன்னால் உள்ள அரை மணி நேரமும் சாதாரணமாகத் திறக்காது. மீட்பதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மூலப் பிரதி போனில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? திரும்பவும் ஒருமுறை இழுத்துப் போட்டால் முடிந்தது. ‘காப்பி’ கொடுத்தவருக்குத்தான் அந்த வசதி.

வீடியோவை நேராக பென்டிரைவுக்கோ பழைய வெளி வன்தட்டுக்கோ போடுபவர்களுக்கு இன்னொரு தடை வரும். அவற்றில் பல எஃப்ஏடி32 என்ற வடிவில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே கோப்பு ஏறாது, டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. ஐபோனின் கேமரா அமைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்: 4கே, வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. அதையே 60 பிரேமாக வைத்தால் சுமார் 400 எம்பி. அரை மணி நேர நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுத்தவர் 4 ஜிபியைத் தாண்டியிருப்பார். டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் இந்தத் தடை இல்லை. ஃபார்மட் செய்தால் அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கேபிள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சார்ஜ் ஏறுகிறது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, அது சார்ஜுக்கு மட்டுமான கேபிள், தரவுக் கம்பிகளே உள்ளே இருக்காது. மற்றொன்று, ஆண்ட்ராய்டு போன் செருகியதும் ‘சார்ஜ் மட்டும்’ என்ற நிலையில்தான் நிற்கும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, ‘ஃபைல் டிரான்ஸ்பர்’ என்று மாற்ற வேண்டும். ஐபோன் என்றால் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று கேட்கும், ‘டிரஸ்ட்’ என்று தட்டாதவரை ஃபோல்டர் காலியாகத்தான் காட்டும். மேக் கணினி ஆண்ட்ராய்டு போனைத் தானாகத் திறக்காது, அதற்குத் தனி செயலி வேண்டும். ஓப்பன்எம்டிபி என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது.

உங்கள் குறிப்பில் ‘டிசிஐஎம் ஃபோல்டரைத் திறங்கள்’ என்று மட்டும் இருந்தது. கேமராவில் எடுத்தவை அங்கே இருக்கும், சரி. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தவை அங்கே இருக்காது. புதிய போன்களில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’, அதற்குள்ளும் இன்னும் இரண்டு படி இறங்கினால்தான் கிடைக்கும். ஸ்கிரீன்ஷாட்கள் சில போன்களில் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில், சிலவற்றில் டிசிஐஎம்மிலேயே இருக்கும். இணையத்திலிருந்து இறக்கியவை ‘டவுன்லோட்’டில். மெமரி கார்டு போட்டிருந்தால் அது தனி டிரைவாகப் பக்கத்தில் நிற்கும், அதற்குள் இன்னொரு டிசிஐஎம் இருக்கும். டிசிஐஎம்மை மட்டும் காப்பி செய்துவிட்டு, எல்லாம் வந்தாயிற்று என்று போனை ரீசெட் செய்பவர்களை நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது.

வாட்ஸ்அப் என்றதும் என் தொழில் சார்ந்த புலம்பல் ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். கேபிள் எதற்கு, எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கணினியில் இறக்கிக்கொள்கிறேன் என்பார்கள். 12 மெகாபிக்சல் போன் படம் சாதாரணமாக 4000-க்கு 3000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13 அங்குல அகலத்துக்குப் பளிச்சென்று வரும், ஒரு முழுப் பக்கத்துக்குப் போதும். அதையே வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அது சுருக்கி, அழுத்தி அனுப்பிவிடும். 1600 புள்ளியாகச் சுருங்கிய படம் 5 அங்குலத்துக்குமேல் தாங்காது. “போன்ல நல்லாத்தானே தெரியுது” என்று சண்டைக்கு வருவார்கள். போன் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்! எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அதையும் வாட்ஸ்அப் கழற்றிவிடுகிறது. அப்படித்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை, எடுத்தது எடுத்தபடி வந்துசேரும்.

தேதி விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. கணினிக்கு மாற்றியதும், எல்லாப் படமும் இன்றைக்கு எடுத்ததாகக் காட்டுகிறதே என்று பதறுவார்கள். விண்டோஸ் காட்டும் ‘டேட் கிரியேட்டட்’ என்பது அந்த நகல் கணினியில் பிறந்த நாள். எடுத்த நாள் ‘டேட் டேக்கன்’ என்ற தனிக் கட்டத்தில் பத்திரமாக இருக்கும், அதன்படி வரிசைப்படுத்தினால் போதும்.

ஐபோன்காரர்களுக்கு வேறு விதமான தலைவலி. ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ என்ற வசதி போட்டிருந்தால், போனில் இருப்பது பல படங்களுக்குச் சிறிய பிரதிதான், மூலம் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும். திரையில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் படங்கள், கேபிள் செருகினால் கணினியில் முழுசாகத் தெரியாது. எண்ணிப் பார்க்காதவர் வந்ததுதான் மொத்தம் என்று நினைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர்கள் கேபிளை விட்டுவிட்டு, ஐகிளவுட் தளத்திலிருந்தோ கணினியில் ஐகிளவுட் செயலி போட்டோ இறக்கிக்கொள்வதுதான் வழி.

அதோடு இன்னொன்று. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை எச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. அமைப்பில் ‘டிரான்ஸ்பர் டு மேக் ஆர் பிசி’ என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், காப்பி செய்யும்போதே போன் அதை ஜேபெக்காக மாற்றிக் கொடுக்கப் பார்க்கும். நூற்றுக்கணக்கில் இழுத்தால் மாற்றி மாளாமல் நடுவில் திணறும், சாதனம் வேலை செய்யவில்லை என்று கணினி ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றுவிடும். போன் கெட்டுவிட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை. ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றிவிட்டு மறுபடி இழுத்தால் பெரும்பாலும் மளமளவென்று வந்துவிடும். எச்இஐசியைக் கணினியில் திறக்க விண்டோஸ் ஸ்டோரில் ஒரு நீட்சி கிடைக்கிறது. இல்லாவிட்டால் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

“எனக்கு இதெல்லாம் வேண்டாம்மா, தன்னாலே கூகுள் போட்டோஸ்ல ஏறிடுது” என்பவர்களும் நிறைய. ஏறட்டும். 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. மின்னஞ்சல், கூகுள் டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பிய நாளிலிருந்து ஏறுவது நின்றிருக்கும், அதற்கு வரும் அறிவிப்பை நம்மில் பலர் படிக்காமலே தள்ளிவிடுவோம். ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். போனில் இடம் வேண்டும் என்று அந்தச் செயலிக்குள் நுழைந்து படங்களை அழித்தால் கூகுளில் ஏறியுள்ள பிரதியும் சேர்ந்தே அழியும். குப்பையில் 60 நாள் இருக்கும், அதற்குள் எடுத்தால் உண்டு. போனில் மட்டும் இடம் விடுவிக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஐகிளவுடிலும் இதே கதைதான், அங்கே பொதுவாக 30 நாள்.

கம்பியில்லாமல் மாற்றும் வழிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே குயிக் ஷேர், ஐபோனுக்கும் மேக்குக்கும் ஏர்டிராப், எதற்கும் எதற்கும் என்றால் லோக்கல்சென்ட். இருபது முப்பது படத்துக்கு நான் இவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ப்ளூடூத் மட்டும் வேண்டாம், ஒரு வீடியோ போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஐந்தாறு வருடப் படங்களை மொத்தமாக எடுக்க இன்னமும் கேபிள்தான் என் கட்சி.

இவ்வளவும் செய்து, எண்ணிப் பார்த்து, திறந்து பார்த்த பிறகும் உடனே போனில் அழிக்காதீர்கள். கணினியில் உள்ளதை இன்னொரு வன்தட்டில் போட்டுவிட்டு அப்புறம் அழியுங்கள். கணினியும் ஒருநாள் படுத்துக்கொள்ளும். ‘மாற்றியாயிற்று’ என்று நாம் சொல்லும்போது முன்பு ஒரே இடத்தில் இருந்தது இப்போது வேறொரு இடத்தில் ஒரே பிரதியாக இருக்கிறது, அவ்வளவுதான். போன் தயாரிப்பவர்களும் கணினி மென்பொருள் எழுதுபவர்களும் மனது வைத்தால் இந்தத் துண்டுத் தாள் வேலையே வேண்டாம். இத்தனை கேட்டாய், இத்தனை வந்தது, இது இது வரவில்லை என்று முடிவில் ஒரு வரி காட்டினால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என்னிடம் வருபவர்களில் சிலர் திரை உடைந்த போனோடு வருகிறார்கள். உள்ளே படங்கள் முழுசாக இருக்கும். ஆனால் பூட்டைத் திறக்காமல், திரையில் அனுமதி கொடுக்காமல், கேபிள் செருகியும் பயனில்லை. திரை தெரிந்து தொடுவது மட்டும் வேலை செய்யாத ஆண்ட்ராய்டு போன்களில், ஓடிஜி இணைப்பானில் (போனில் மவுஸ், பென்டிரைவ் போன்றவற்றைச் செருக உதவும் சின்ன இணைப்பு) ஒரு சாதாரண மவுஸைச் செருகினால் பலவற்றில் அம்புக்குறி வரும், அதை வைத்துக் கடவுச்சொல் அடித்து உள்ளே போய்விடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முனை உள்ள ஓடிஜி இணைப்பான் என்றால், மவுஸோடு ஒரு பென்டிரைவையும் சேர்த்துச் செருகிப் படங்களை இறக்கிக்கொள்ளலாம். திரையே இருண்டுவிட்ட போன்களுக்கு என்ன செய்வது என்பது பழுது பார்ப்பவர்களின் கைப்பக்குவம், என் எல்லைக்கு வெளியே. அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அதை எழுதச் சொன்னால், நான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கேட்டு வருபவர்களுக்குக் காட்டலாம்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பு செய்யும் ஒரு வாசகி